ஊவா அரங்குகளுக்கு ஏற்ற ஒளிமேசை

பதுளை நகரிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் நாடகத்துக்கும் கூத்துக்கும் என்றுமே குறைவில்லை. பாடசாலைகளில் தமிழ்த் தினம் வந்தால் நாடகம். கோயில் திருவிழா வந்தால் நாடகம். மாசி பிறந்தால் காமன் கூத்து. ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைத்துவிடுகிறது. ஒளிக்குத்தான் வழியில்லை. ஆகவே பாடசாலைகளும் கோயிற் சபைகளும் இளைஞர் மன்றங்களும் சொந்தமாக மேடை விளக்குகள் வாங்க முற்படும்போது முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மேசைகளில் எது நல்லது?" என்பதே அது.

இக்கேள்விக்கு நேராக விடை கூறுவது எளிதன்று. எந்த நாடகத்துக்கு, எவ்வளவு மின்சாரத்தில், யார் கைக்கு என்ற மூன்றையும் அறிந்த பின்னரே எந்த மேசை என்று சொல்ல இயலும். இந்த மூன்றையும் எண்ணாது மேசையை முதலில் வாங்கியவர்கள், விலை உயர்ந்த பொருளொன்றை அலுமாரிக்குள் பூட்டி வைக்க நேரிடும். தோட்டத்தில் அவ்வாறு முடங்குவது ஒரு செல்வரின் பணமன்று. பேர் போட்டுச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுக ஒதுக்கிக் கொடுத்த பலரின் பணம். ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஆங்கிலத்தில் கன்சோல் என வழங்கும் கருவியை நாம் ஒளிமேசை என்று அழைப்போம். மேடை விளக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசமாக எரியவேண்டும், எந்நிறத்தில் எரியவேண்டும், எப்பொழுது மங்கவேண்டும் என்பவற்றை ஓரிடத்திலிருந்து ஆணையிடும் கருவி அது. விளக்கு எரிவதற்கான மின்சாரம் இம்மேசையின் வழியாகச் செல்வதில்லை. கட்டளை மட்டுமே இங்கிருந்து செல்கிறது. இதனை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

முற்காலத்தில் நிலைமை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விளக்கை மங்கச் செய்ய உப்புநீர் நிறைந்த சாடிகளைப் பயன்படுத்தினர். நீருக்குள் உலோகத் தகட்டை ஏற்றியும் இறக்கியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். பின்னர் தடைக்கம்பிச் சுருள்கள் வந்தன. விளக்குக்குச் செல்லும் மின்சாரம் முழுவதும் அவற்றினூடே ஓடியபடியால் அவை பெரியனவாகவும் சூடு மிக்கனவாகவும் இருந்தன. அவற்றை இயக்கப் பலர் வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டு இலண்டனில் பிரெட் பெந்தம் என்பவர் ஸ்ட்ராண்ட் நிறுவனத்துக்காக ஒரு புதுமை செய்தார். அக்காலத் திரையரங்குகளில் இசைக்கப்பட்ட ஓகன் வாத்தியத்தின் மேசையையே எடுத்து, அதன் கட்டைகளால் விளக்குகளை இயக்கும்படி அமைத்தார். ஒருவரே உட்கார்ந்து, மேடையைப் பார்த்தபடி, இசைப்பதுபோல் ஒளியை மாற்ற முடிந்தது. 1975இல் நியூயோர்க்கின் பிராட்வே அரங்கிலே, "ஏ கோரஸ் லைன்" என்னும் நாடகத்துக்காக, ஒளி மாற்றங்களைத் தானே நினைவில் வைத்திருக்கும் கணினி மேசை பயன்பட்டது. 1986இல் டி.எம்.எக்ஸ். 512 என்ற பொதுவிதி வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் மேசை மற்றொரு நிறுவனத்தின் விளக்குடன் பேசுவதற்கு உரிய பொதுமொழி இதுவே. இன்றும் உலகெங்கும் சிறிய அரங்குகள் இம்மொழியிலேயே இயங்குகின்றன. எனவே நாம் வாங்கும் எந்த மேசைக்கும் முதல் தகுதி, அது டி.எம்.எக்ஸ். 512 மொழியைப் பேசுவதாகும்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். எந்த நாடகத்துக்காக இந்த ஒளி?

மலைநாட்டில் இருவகை அரங்குகள் உள்ளன. ஒன்று, எழுதி வைத்த வசனங்களோடு மண்டபத்தில் நடிக்கப்படும் நாடகம். அரை மணியிலோ ஒரு மணியிலோ முடிந்துவிடும். எந்த வசனத்துக்குப் பின் விளக்கு அணையவேண்டும் என்பது ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். இதற்கு நினைவாற்றல் உள்ள மேசை மிக ஏற்றது. ஒவ்வொரு காட்சியின் ஒளியையும் முன்னதாகவே பதிந்து, வரிசையாக எண் கொடுத்து வைக்கலாம். இவ்வாறு பதிந்த ஒன்றைக் கியூ என்பர். நாடகம் நடக்கும்போது ஒரே பொத்தானை வேளைக்கு வேளை அழுத்தினாற் போதும்.

மற்றையது கூத்து. காமன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். மாசி அமாவாசை கழிந்து வளர்பிறையிலே காமன் கம்பம் நட்டு, பல இரவுகள் ஆடிப் பாடி, முடிவில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதையும் ரதி புலம்புவதையும் காட்டி நிறைவு செய்வர். ஆட்டம் திறந்த பொட்டலிலே நிகழும். சுற்றிவர மக்கள் நிற்பர். தப்பின் அடி மாறினால் ஆட்டமும் மாறும். பாடுகிறவர் ஓர் அடியை எத்தனை முறை திருப்பிப் பாடுவார் என்பதை அவரே முன்கூட்டி அறியமாட்டார். சபையின் மனநிலைதான் அதனைத் தீர்மானிக்கும். அர்ச்சுனன் தபசிலோ நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறி நின்று பாடுகின்றார். தரையில் நிற்போருக்காக அமைத்த ஒளி அவருக்குப் பயன்படாது. பொன்னர் சங்கர் கதையும் இரவு முழுவதும் நீளக்கூடியது.

இத்தகைய கூத்துக்கு, எண் வரிசைப்படி மட்டுமே நகரும் மேசை பொருந்தாது. ஏழாம் கியூவுக்குப் பின் எட்டாம் கியூதான் என்று மேசை காத்திருக்கும். கூத்தாடுபவரோ ஐந்தாம் இடத்துக்குத் திரும்பிச் சென்றிருப்பார். அப்போது ஒளியை இயக்குபவர் திகைத்து நிற்க, இருள் வேண்டிய இடத்தில் ஒளியும் ஒளி வேண்டிய இடத்தில் இருளும் விழும். இன்னொரு தீங்கும் உண்டு. மேசைக்கு ஏற்றபடி ஆடும்படி கூத்தாடுபவர்களையே கேட்கத் தொடங்குவோம். "அந்த அடியை மூன்று முறைக்கு மேல் பாடவேண்டாம், அண்ணே, விளக்கு மாறிவிடும்" என்று ஓர் இளைஞன் கூத்து வாத்தியாரிடம் சொல்லும் நிலை வருமானால், நாம் ஒளியை வாங்கிக் கூத்தை விற்றவர்களாவோம்.

இவ்விடத்தில் நமது நாட்டு அரங்க வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை நினைவு கொள்வது நன்று. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்பு மரபைத் தழுவிய கூத்துக்களை நவீன மேடைக்குக் கொண்டு வந்தார்கள். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வரிசையில் வந்தவை. நாற்புறமும் மக்கள் சூழ விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டது, ஒருபுறம் மட்டும் திறந்த மேடைக்கு வந்தது, நேரம் சுருங்கியது, மேடையொளியும் புதிய பணி பெற்றது. இம்மாற்றம் நன்கு எண்ணிச் செய்யப்பட்டது. கூத்தின் ஆட்டமும் பாட்டும் தாளமும் முதலில். மற்றவை அவற்றுக்குத் துணை என்ற தெளிவு அங்கே இருந்தது. நாமும் அந்தத் தெளிவோடு மேசையை அணுகவேண்டும்.

ஆகவே மலைநாட்டு மன்றம் ஒன்று, நாடகம் கூத்து ஆகிய இரண்டுக்கும் பயன்படுத்த எண்ணுமானால், அம்மேசையில் இரண்டு வசதிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். பதிந்த கியூக்களை வரிசையாக ஓட்டும் பொத்தான் ஒன்று. கையால் மேலும் கீழும் தள்ளி உடனுக்குடன் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் தள்ளுகோல்கள், அதாவது பேடர்கள், போதிய எண்ணிக்கையில் மற்றொன்று. கூத்து நடக்கும்போது முதற் பேடரில் ரதியின் ஒளி, இரண்டாவதில் மன்மதன், மூன்றாவதில் சிவன், நான்காவதில் தப்படிப்போர், ஐந்தாவதில் முழுக்களம் என்று அமைத்துக்கொண்டால், இயக்குபவர் எந்த வரிசைக்கும் கட்டுப்படாமல் ஆட்டத்தைத் தொடர்ந்து செல்லலாம்.

இரண்டாம் கேள்வி மின்சாரம்.

ஊவாவுக்கு மின்சாரம் புதிதன்று. நாடளாவிய மின்வலை இங்கே வருமுன்பே பல தேயிலைத் தொழிற்சாலைகள் மலையருவிகளின் நீரைக் கொண்டு சொந்தமாக மின்சாரம் உண்டாக்கின. இலட்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. ஆயினும் தொழிற்சாலையில் விளக்கு எரிந்த காலத்திலும், அதன் அருகேயிருந்த லயங்களில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. கூத்துக் களத்துக்குத் தீப்பந்தமும், பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்குமே ஒளி தந்தன. இன்று மின்சாரம் வந்துள்ளது. ஆனால் வந்திருக்கும் மின்சாரம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்கிட்டே விளக்கு வாங்கவேண்டும்.

நமது நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. 1,000 வாற்று விளக்கொன்று ஏறத்தாழ 4.3 அம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஆகவே 15 அம்பியர் செருகி ஒன்றில் அத்தகைய விளக்கு மூன்றுக்கு மேல் மாட்டலாகாது. சாதாரண ஒற்றை முனை மின்னிணைப்பு 30 அம்பியர் தருவதாயின், மொத்தம் 6,900 வாற்றுதான். பழைய முறையில் 1,000 வாற்று விளக்குகள் 20 தொங்கவிட்டால் 20,000 வாற்று, அதாவது 87 அம்பியர் வேண்டும். பாடசாலை மண்டபமோ கோயில் மடமோ இதனைத் தாங்குவது அரிது.

இங்கேதான் எல்.ஈ.டி. விளக்குகள் நமக்குக் கைகொடுக்கின்றன. உதாரணமாக, 150 வாற்று எல்.ஈ.டி. பார் விளக்குகள் 12, குவியொளி தரும் 750 வாற்றுப் பழைய ஸ்பொட் விளக்குகள் 4, பின்திரைக்கு 100 வாற்று எல்.ஈ.டி. நீள்விளக்குகள் 4 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1,800 வாற்று. இரண்டாவது 3,000 வாற்று. மூன்றாவது 400 வாற்று. கூட்டினால் 5,200 வாற்று. ஏறத்தாழ 22.6 அம்பியர். 30 அம்பியர் இணைப்பிலே ஒலிபெருக்கிக்கும் சிறிது மிஞ்சுகிறது. இந்த 20 விளக்குகளும் நடுத்தர மண்டபத்துக்குப் போதுமானவை.

இக்கணக்கிலிருந்து மேசையின் அளவும் புலப்படும். ஒரு விளக்கின் ஒவ்வோர் இயல்பையும் ஆளும் வழிக்குச் சானல் என்று பெயர். பழைய ஸ்பொட் விளக்குக்கு ஒரு சானல் போதும். பிரகாசம் ஒன்றுதானே அதில் மாறுவது. பல நிற எல்.ஈ.டி. பார் விளக்குக்குச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, மொத்தப் பிரகாசம் முதலியவற்றுக்குத் தனித்தனியே சானல் வேண்டும். விளக்கொன்றுக்கு 8 எனக் கொண்டால் 12 விளக்குக்கு 96. ஸ்பொட் விளக்குகள் 4. நீள்விளக்கு ஒன்றுக்கு 12 வீதம் 48. ஆகமொத்தம் 148 சானல்கள். டி.எம்.எக்ஸ். கம்பி ஒன்று 512 சானல்களை ஏந்தும். ஆகவே ஒரே ஒரு கம்பி வழி கொண்ட மேசை நமக்குத் தாராளம். எட்டு வழியும் பதினாறு வழியும் உடைய மேசைகளைப் பற்றி விற்பனையாளர் புகழ்ந்தால், அது விளையாட்டரங்குகளில் நடைபெறும் பெரும் இசை நிகழ்ச்சிகளுக்கு உரியது என்று அறிந்துகொள்வீர்களாக.

மற்றொரு முக்கிய விடயம். பழைய இழைவிளக்கு மங்குவதற்கு டிம்மர் எனும் பெட்டி வேண்டும். அப்பெட்டி மின்சாரத்தையே குறைத்துக் கொடுக்கும். எல்.ஈ.டி. மேடை விளக்கை ஒருபோதும் டிம்மரில் மாட்டலாகாது. அதற்கு முழு மின்சாரத்தையும் நேரே கொடுத்து, மங்கும் கட்டளையை டி.எம்.எக்ஸ். கம்பியில் அனுப்பவேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் பழுதான விளக்குகள் ஏராளம்.

எல்.ஈ.டி. வாங்கும்போது இரண்டைச் சோதியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் கொண்ட விளக்கு, அரிதாரம் பூசிய முகத்தைச் செத்த நிறமாகக் காட்டிவிடும். வெள்ளையோ மஞ்சட் செம்மையோ சேர்ந்த விளக்கே முகத்துக்கு ஏற்றது. அடுத்து, மிக மெதுவாக ஒளியை இறக்கிப் பாருங்கள். மலிவான விளக்கு இறுதியில் படிப்படியாகத் துள்ளி, சட்டென்று அணையும். பொழுது விடிவதைக் காட்ட எண்ணுவோருக்கு இது பெருங்குறை. கட்டளையை நுண்ணிய படிகளாகப் பிரித்து ஏற்கும் 16 பிற் வகை விளக்குகளில் இக்குறை குறைவு. மேசையும் அதனைக் கொடுக்க வல்லதா என்று கேட்டறிக.

இனி மேசை வகைகளைப் பார்ப்போம். பெரும்பாலும் நான்கு வகைகள் நம் முன் வரும்.

முதல் வகை, இரு வரிசைப் பேடர்கள் மட்டும் கொண்ட எளிய மேசை. மேல்வரிசை இப்போதுள்ள காட்சியை ஆளும். கீழ்வரிசையில் அடுத்த காட்சியை அமைத்து வைத்து, ஒரு பெரிய பேடரால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். இழைவிளக்குகள் மட்டும் இருந்த காலத்துக்கு இது பொன்னானது. 148 சானல்களுள்ள எல்.ஈ.டி. தொகுதிக்கு இது போதாது; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேடர் என்றால் இரண்டு கை பற்றாது.

இரண்டாம் வகை, எல்.ஈ.டி. விளக்கை ஒரே பொருளாக அறிந்து, ஒரு விளக்குக்கு ஒரு பேடரும், நிறத்துக்குத் தனித் திரையும், கியூ வரிசைக்கு ஒரு பொத்தானும் கொண்ட சிறு அரங்க மேசை. அமெரிக்காவின் ஈ.டி.சி. நிறுவனத்தின் கலர்சோர்ஸ் 20 என்ற மாதிரி இதற்கு எடுத்துக்காட்டு. அதில் 20 பேடர்கள். 40 விளக்குகள்வரை ஆளும். கலர்சோர்ஸ் 40 இல் பேடரும் விளக்கும் இருமடங்கு. பாடசாலைக்கும் சிறு மண்டபத்துக்கும் இவ்வளவே வேண்டும்.

மூன்றாம் வகை, அசையும் விளக்குகள் நூற்றுக்கணக்கில் கொண்ட பெருநிகழ்ச்சிகளுக்கான மேசை. எம்.ஏ. லைட்டிங் நிறுவனத்தின் கிராண்ட்எம்.ஏ. இவ்வகை. ஆற்றல் மிக்கது; ஆனால் அதனைக் கையாளப் பல மாதப் பயிற்சி வேண்டும். தோட்டத்துப் பாடசாலைக்கு இது, வயலில் வாய்க்கால் வெட்ட இரயில் எஞ்சினை வாங்கியது போலாகும்.

நான்காம் வகை, கணினியில் இயங்கும் மென்பொருள். கியூ.எல்.சி. பிளஸ் என்பது இலவசமாகவே கிடைக்கும் ஒன்று. மடிக்கணினியுடன் டி.எம்.எக்ஸ். கம்பியை இணைக்கும் சிறு பெட்டி ஒன்று வாங்கினாற் போதும். செலவு மிகக் குறைவு. குறை என்னவெனில், சுட்டியைப் பிடித்துத் திரையில் உள்ள பேடரை இழுப்பது கூத்துக்கு ஒவ்வாது. ஒரே நேரத்தில் ஒன்றையே நகர்த்த முடியும். இதற்கும் வழியுண்டு. இசைக்கருவிகளுக்கென விற்கும் மிடி பேடர்ப் பெட்டியொன்றைக் கணினியுடன் இணைத்தால், கைக்கு உண்மையான தள்ளுகோல்கள் கிடைக்கும். பணம் குறைந்த மன்றங்கள் இவ்வழியில் தொடங்கி, சில ஆண்டுகள் பழகிய பின் இரண்டாம் வகைக்கு மாறுவது விவேகம். விளக்குகளும் கம்பிகளும் அப்படியே பயன்படும். மாறுவது மேசை மட்டுமே. ஆகையால் கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை நல்ல விளக்குக்கும் நல்ல கம்பிக்கும் செலவிட்டு, மிச்சத்தில் மேசை வாங்குக என்பதே நமது ஆலோசனை.

அடுத்து, ஊவாவின் வானிலை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலும் உள்ளன. வடகீழ்ப் பருவமழையின்போது ஈரம் சுவரில் ஊறும். மாலையில் பனிமூட்டம் இறங்கும். ஈரம் மின்கருவிக்குப் பகை. மேசையை மூடிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குறுமணிப் பொதிகளுடன் வைக்கவேண்டும். பயன்படுத்தாத மாதங்களிலும் இரு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து, ஒரு மணி நேரம் இயக்கி வைத்தால் உள்ளிருக்கும் சூட்டில் ஈரம் உலரும்.

திறந்த வெளியில் பனிமூட்டத்திலே கூத்து நடக்கும்போது, பார்வையாளர் பக்கத்திலிருந்து நேரே ஒளி பாய்ச்சாதீர்கள். மோட்டார் வண்டியின் முன்விளக்கு மூடுபனியில் வெண்சுவராகத் தெரிவதை நம் மலைப்பாதைகளில் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே நிலைதான் களத்திலும் ஏற்படும். விளக்குகளை இரு பக்கங்களிலும் பின்புறமும் உயரத்தில் வைத்தால், பனியே ஒளிக்கதிர்களை ஏந்தி அழகு செய்யும். ஆடுபவர் உருவமும் தெளிவாகத் தெரியும். தபசு மரத்துக்கு மட்டும் தனி விளக்கு இரண்டை, அதன் உச்சியை நோக்கி இரு கோணங்களில் நிறுத்தி, மேசையில் அவற்றுக்குத் தனிப் பேடர் ஒதுக்கவேண்டும்.

மின்தடையும் மின்னலும் நமக்குப் பழகியவை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். கணினி வகை மேசை, மின்சாரம் ஒரு நொடி போனாலும் அணைந்து, மீண்டும் விழிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்நேரம் முழுதும் மேடை இருளாகவே கிடக்கும். ஆகவே மேசைக்கென்று ஒரு சிறு யூ.பி.எஸ். கருவி கட்டாயம். மேசை எடுக்கும் மின்சாரம் சிறிதாகையால், கணினிக்கு வாங்கும் சாதாரண யூ.பி.எஸ். போதும். ஜெனரேற்றரில் நடத்தும்போதும் மேசையை யூ.பி.எஸ். வழியாகவே இணைக்கவேண்டும், ஜெனரேற்றரின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் தீங்கு அப்போது குறையும். இடி மின்னல் வேளையில் ஆட்டத்தை நிறுத்தி, செருகிகளைக் கழற்றிவிடுவதே உயிருக்கும் கருவிக்கும் பாதுகாப்பு. ஈரமான பொட்டலில் ட்ரிப் சுவிட்ச் இல்லாத மின்னிணைப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

கம்பியைப் பற்றி ஒரு சொல். ஒலிவாங்கிக் கம்பியும் டி.எம்.எக்ஸ். கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒலிவாங்கிக் கம்பியை மாட்டினால் முதலில் வேலை செய்வதுபோல் தோன்றி, கூட்டம் நிறைந்த நேரத்தில் விளக்குகள் காரணமின்றிச் சிமிட்டத் தொடங்கும். டி.எம்.எக்ஸ். கம்பியை விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலிபோல் கொண்டு சென்று, ஒரு சங்கிலியில் 32 கருவிகளுக்கு மேற்படாமல் நிறுத்தி, கடைசி விளக்கில் 120 ஓம் தடையுள்ள முடிவுச் செருகியைப் பொருத்தவேண்டும். சிறிய விலையுள்ள இந்தச் செருகி பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

பழுதுபார்த்தலையும் எண்ணுக. கொழும்பிலிருந்து இருப்புப்பாதை பதுளையை 1924இல் வந்தடைந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். மேசை பழுதானால் அவ்வளவு தூரம் கொண்டு சென்று, வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எனவே வாங்குமுன் விற்பனையாளரிடம், "இதற்கு உதிரிப் பாகம் இங்கே உண்டா? பழுதுபார்க்கும் காலத்தில் மாற்று மேசை தருவீர்களா? எத்தனை ஆண்டு உத்தரவாதம்?" என்று எழுத்திலே கேட்டுப் பெறுங்கள். பேடர்கள் தூசியால் தேய்வன. தனித்தனியே கழற்றி மாற்றக்கூடிய பேடர்களா என்பதையும் பாருங்கள்.

இனி மூன்றாம் கேள்வி. யார் கைக்கு இந்த மேசை?

ஒருவருக்கு மட்டும் தெரிந்த மேசை, அவர் வேலை தேடிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ சென்ற நாளிலே ஊமையாகிவிடும். மலைநாட்டு இளைஞர்களின் வாழ்க்கை இன்று அவ்வாறுதான் உள்ளது. ஆதலின் மூவருக்குக் குறையாமல் பழக்கவேண்டும். அவர்களுள் ஒருவராவது ஊரோடு இருக்கும் ஆசிரியராகவோ கோயிற் சபையினராகவோ இருத்தல் நலம். பெண் பிள்ளைகளையும் பழக்குங்கள். இது உடல் வலிமைக்குரிய வேலையன்று. கவனத்துக்கும் தாள உணர்வுக்கும் உரியது. மேசையின் திரையில் ஆங்கிலமே தெரியும். அதற்கு அஞ்சவேண்டியதில்லை. பேடர்களின் கீழே வெள்ளை நாடா ஒட்டி, ரதி, மதன், சிவன், பின்திரை, தபசு மரம் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். மேசையை இயக்கும் முறையைப் படிப்படியாக ஓர் அப்பியாசக் கொப்பியில் தமிழில் எழுதி, மேசையோடு வைத்திருங்கள். பதிந்த நாடகங்களை யூ.எஸ்.பி. குச்சியொன்றில் பிரதி எடுத்து வேறிடத்தில் காப்பது நன்று.

இயக்குபவர் எங்கே அமர்வது? மேடைக்குப் பக்கத்து அறையில் ஒளிந்து அமர்ந்தால் ஆட்டத்தைக் காண முடியாது. டி.எம்.எக்ஸ். கம்பி நூறு மீற்றரும் எளிதில் செல்லும். ஆகவே மக்களோடு மக்களாகப் பின்வரிசையில், நடிகரைக் கண்ணாலும் தப்பைக் காதாலும் தொடரக்கூடிய இடத்தில் அமர்த்துங்கள்.

இவ்வளவும் எண்ணிய பின் மேசையொன்றைத் தெரிவு செய்தாயிற்று எனக் கொள்வோம். உடனே விலை கொடுக்காதீர்கள். ஒரு திருவிழாவுக்கு அதனை வாடகைக்கு எடுங்கள். கூத்து வாத்தியாரையும் தப்படிப்பவரையும் அழையுங்கள். ரதியின் புலம்பலைப் பாடச் சொல்லி, இடையில் அவர் விருப்பம்போல் நீட்டவும் திரும்பவும் சொல்லுங்கள். கற்றுக்கொண்டு ஒரு நாளேயான இளைஞன் ஒருவன் அந்த மேசையால் அவரைத் தொடர முடிகிறதா என்று பாருங்கள். பின்னர் ஆட்டத்தின் நடுவே மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். எத்தனை நேரத்தில் ஒளி மீள்கிறது? இந்த இரு சோதனைகளிலும் தேறும் மேசை உங்களுக்கு ஏற்றது. விலைப்பட்டியலில் அச்சிட்டிருக்கும் நூறு சிறப்புகளை விட இவை இரண்டும் பெரியன.

கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். காமன் எரியும் வேளையில் களத்தில் உண்மையான தீ எழுகிறது. தலைமுறைகளாக மக்கள் அத்தீயின் ஒளியிலேயே ரதியின் முகத்தைக் கண்டு கலங்கியிருக்கிறார்கள். அவ்வேளையில் மின்விளக்கு எதுவும் அதனோடு போட்டியிடலாகாது. கம்பிகளைத் தீயிலிருந்து விலக்கி வைத்து, அருகில் தண்ணீரும் மணலும் ஆயத்தமாக வைத்து, எல்லாப் பேடர்களையும் மெதுவாகக் கீழே இறக்கிவிடவேண்டும். தீ தணியும்போது, ரதியின் ஒளி ஒன்றை மட்டும் சிறுகச் சிறுக ஏற்றவேண்டும். எவ்வளவு மெதுவாக என்பதைப் பாட்டே சொல்லும். அதற்கு இடங்கொடுக்கும் மேசையையே வாங்குங்கள்.